மிகுபாரம் ஏற்றாமை



இல்லறத்தார்க்கு ஆசாரியர்கள் விதித்த அணுவிரதங்கள் ஐந்து என்பதை நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் ஒப்பிப்பர். ஆனால் ஒவ்வொரு விரதத்திற்கும் ஐந்தைந்தாக அதிசாரங்கள் எண்ணப்பட்டுள்ளனவே, அவற்றை நம்மில் எத்தனை பேர் ஊன்றிப் படித்திருக்கின்றோம்? விரதத்தை முற்றிலும் முறிப்பது வேறு. விரதம் இருக்கின்றது என்ற நினைவோடேயே அது பழுதுபடும்படி நடப்பது வேறு. பின்னதே அதிசாரம். கொல்லாமை என்னும் முதல் விரதத்தின் அதிசாரங்களை உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் நிரல்படக் கூறுகின்றார். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. நான்காவதாக நிற்பதற்கு ‘அதிபாராரோபணம்’ என்று பெயர். அந்த ஒரு சொல்லைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன்.

நம் வீடுகளில் எவரும் உயிர்களைக் கட்டி வைத்து அடிப்பதில்லை; உறுப்புகளைச் சிதைப்பதுமில்லை. ஆகவே அதிசாரப் பட்டியலை வாசிக்கும்பொழுது, ‘இவை நமக்கல்ல, வண்டிமாடு வைத்திருந்த அக்காலத்தவர்க்கு’ என்று பக்கத்தைத் திருப்பிவிடுகின்றோம். நானும் நெடுங்காலம் அவ்வாறே திருப்பியவள்தான்.

சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதே குற்றத்தை இரண்டு இடங்களில் வைத்திருப்பதை நோக்குங்கள். கொல்லாமையின் அதிசாரங்களுள் ஒன்றாக ஒருமுறை கூறுகின்றார். பின்னர் மிகுபொருள் விரும்பாமை என்னும் ஐந்தாம் விரதத்தின் அதிசாரங்களை எண்ணும்பொழுது, அளவுக்கு மிஞ்சி வண்டிகளை ஓட்டுதல், அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தல், பிறர் பொருள் கண்டு வியத்தல், பேராசை என்று சொல்லிவந்து, இறுதியில் மீண்டும் மிகுபாரம் சுமத்தலைக் கொண்டுவந்து நிறுத்துகின்றார். இந்நூலின் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பு நம் வீடுகளில் இருக்கின்றது; எடுத்துப் பாருங்கள். ஒரே செயலை இரு விரதங்களின் கீழ் வைப்பானேன்? சுமப்பவனது தோளிலிருந்து பார்த்தால் அது ஹிம்சை. சுமத்துபவனது நெஞ்சிலிருந்து பார்த்தால் அது ஆசை. ஒருவனுக்கு வேண்டியதற்கு மேல் வேண்டியிருப்பதால்தான் இன்னொருவன் தாங்குவதற்கு மேல் தாங்க நேரிடுகின்றது.

இனி என் குற்றத்தைச் சொல்லிவிடுகின்றேன். ஆசிரியப் பயிற்சி முடித்து இப்பக்கத்துப் பள்ளியொன்றில் பணியாற்றிய காலம். 1983ஆம் ஆண்டு, மாசி மாதம். நாற்பது பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் சென்றேன். இலுப்பூரில் பேருந்தேறி அன்னவாசலில் இறங்கி, அங்கிருந்து நடை. புளியோதரை இரண்டு தூக்குகளில் இருந்தது. அவற்றைப் பெரிய பையன்கள் மாற்றி மாற்றி எடுத்துவந்தனர். குடிநீருக்கு ஓர் எவர்சில்வர் குடம். அதை ஒரு மாணவன் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். ஏழாம் வகுப்பு, 12 வயது, மெலிந்த பிள்ளை. எதைச் சொன்னாலும் முதலில் ஓடிவருபவன். வகுப்பில் எல்லா வேலைக்கும் நான் அவனையே அழைப்பது வழக்கம். அழைத்தால் வருகிறவனையே மேலும் மேலும் அழைப்பது ஆசிரியர்களிடம் உள்ள ஒரு பழக்கம். அது நல்ல பழக்கமன்று.

மேற்குச் சரிவில் அறிவர் கோயிலைப் பார்த்தோம். விதானத்துத் தாமரைக் குளத்தையும், மலர் கொய்யும் உருவங்களையும், மீன்களையும் அன்னங்களையும் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபொழுது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை என்னென்பேன்! அந்தப் பெருமிதத்திலேயே, மலைமேலேறிக் கிழக்குப் பக்கத்து ஏழடிப்பட்டத்தையும் காட்டிவிட வேண்டும் என்று கிளம்பினேன். சென்றவர்களுக்குத் தெரியும். குகைத்தளத்தை அடையப் பாறையில் வெட்டிய படிகளைக் கடக்க வேண்டும். ஒருபுறம் செங்குத்தான சரிவு. அன்று கம்பிக்கிராதியும் இன்றுபோல் இல்லை. பாறை சுடத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் தண்ணீர் கேட்பார்களே என்று குடத்தையும் மேலே கொண்டுவரச் சொன்னேன்.

தலையில் சும்மாடுகூட இல்லை. தோளில் வைத்துக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு அவன் ஏறினான். பாதிவழியில் கால் இடறிற்று. நல்வினைப் பயனால் சரிவின் பக்கம் விழாமல் பாறைப் பக்கம் விழுந்தான். குடம் உருண்டு போயிற்று. அவன் அழவில்லை. ‘தண்ணி போச்சே டீச்சர்’ என்றான். நானும், சொல்ல வெட்கமாக இருக்கின்றது, முதலில் குடத்தைத்தான் பார்த்தேன்.

அவனுக்குக் கழுத்தும் தோளும் பிடித்துக்கொண்டு பத்து நாட்களுக்கு மேல் பள்ளிக்கு வரவில்லை. பார்க்கச் சென்றேன். அவன் தாயார் கூலி வேலைக்குச் செல்பவர். என்னைக் குறைகூறுவார் என்று அஞ்சிக்கொண்டே போனேன். அவரோ, ‘இருக்கட்டுங்க டீச்சரம்மா, வீட்டுல தூக்காத பாரமா? பழகுன புள்ளதான்’ என்று எனக்குப் பாய் விரித்தார். அந்தச் சொல்லைக் கேட்டு நான் நிம்மதியடைந்து திரும்பிவிட்டேன். அப்படி நிம்மதியடைந்ததே என் பெரிய குற்றம் என்று உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. பழகியவன் என்பது சுமத்துபவர் தம் மனத்தை ஆற்றிக்கொள்ளும் சொல். வண்டிமாட்டைப் பற்றியும் உரிமையாளர் அதைத்தான் சொல்வார்.

ஓய்வுபெற்ற பின் ஒருநாள் உட்கார்ந்து கணக்கிட்டேன். அந்தக் குடம் 12 லிட்டர் கொள்வது. நீர் 12 கிலோ. குடத்தின் எடை ஏறக்குறைய 2 கிலோ. அந்தப் பிள்ளை 28 கிலோவுக்கு மேல் இருந்திருக்க மாட்டான். ஆக, தன் எடையில் சரிபாதியைத் தூக்கிக்கொண்டு அவன் மலையேறியிருக்கின்றான்.

எவ்வளவுதான் சுமக்கலாம்? மலையேற்றப் பயிற்சி தருவோர் பொதுவாகக் கூறும் அளவு ஒன்று உண்டு. ஒரே நாளில் ஏறி இறங்கும் பயணமாயின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. இராத்தங்கிப் பல நாள் நடப்பதாயின் ஐந்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் பகற்பயணத்திற்கு 6 கிலோவும், நெடும்பயணத்திற்கு 12 கிலோவும் கொண்டுபோகலாம் என்றாகும். இது உடல்நலமுள்ள இளைஞர்க்குச் சொன்னது. முழங்கால் தேய்ந்த நம் போன்றோர்க்கு அன்று.

இந்தப் பங்குக் கணக்கும் முற்றிலும் நேர்மையானதன்று என்பது சுவையான செய்தி. கலிலியோ 1638ஆம் ஆண்டில் லெய்டன் நகரில் அச்சிடப்பட்ட தம் நூலில் ஒரு வினாவை ஆராய்கின்றார். ஒரு சிறிய நாய் தன்னளவுள்ள இரண்டு மூன்று நாய்களை முதுகில் தாங்கக்கூடும். ஒரு குதிரை தன்னளவுள்ள ஒரே குதிரையைக்கூடத் தாங்காது என்கின்றார். காரணம் எளிது. வகுப்பில் மரக்கட்டைகளை வைத்து நான் இதை விளக்கியதுண்டு. ஒரு கனச்சதுரக் கட்டையை நீள அகல உயரங்களில் இருமடங்காக்க வேண்டுமானால் எட்டுக் கட்டைகள் வேண்டும். ஆனால் அடிப்பரப்பு நான்கு மடங்குதான் ஆகின்றது. உடம்பின் எடை எட்டு மடங்கு பெருகும்பொழுது, அதைத் தாங்கும் எலும்பின், தசையின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்கே பெருகுகின்றது. எறும்பு தன்னினும் பெரிய பருக்கையை இழுத்துச் செல்வதும், யானை தன் உடம்பையே மெல்ல எடுத்துவைப்பதும் இதனால்தான். மைக்கேல் ஓஷியா என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் 2014இல் இதே கணக்கை மலையேறுவோரின் முதுகுப் பைக்குப் பொருத்திக் காட்டினார். 50 கிலோ உடையவர் 10 கிலோ சுமப்பதும் 100 கிலோ உடையவர் 20 கிலோ சுமப்பதும் பங்கில் ஒன்றே, வருத்தத்தில் ஒன்றல்ல. பெரிய உடம்பு உடையவர் தம் உடம்பையே முதற் சுமையாகச் சுமந்துகொண்டு புறப்படுகின்றார்.

‘அப்படியானால் சிறு பிள்ளை, பங்கு நோக்க, அதிகம் சுமக்கலாமே?’ என்று ஒருவர் வினவலாம். அது பிழை. மேற்சொன்ன கணக்கு வளர்ந்து முடிந்த உடம்புகளைப் பற்றியது. பிள்ளையின் எலும்பு முனைகளில் வளர்ச்சிக்குரிய குருத்து இன்னும் மூடாமல் இருக்கின்றது, தசைகள் உறுதிப்படவில்லை, முதுகெலும்பு உருவாகிக்கொண்டிருக்கின்றது. பிள்ளை என்பது சிறிய பெரியவர் அன்று. ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதல் மாதமே கற்பிக்கப்பட்டது இதுதான். படித்ததைத் தேர்வில் எழுதிவிட்டு மலையடிவாரத்தில் மறந்துவிட்டேன்.

அரசும் இதை மெல்லத்தான் உணர்ந்தது. பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு சுமையின்றிக் கற்றலைப் பற்றி 1993இல் அறிக்கை தந்தது. தமிழ்நாட்டில் 2012–13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை வந்து, ஒரு பருவத்துக்குரிய நூலை மட்டும் எடுத்துச்சென்றால் போதும் என்றாயிற்று. 2018இல் சென்னை உயர்நீதிமன்றம் புத்தகப் பையின் எடையைக் குறைக்க நடவடிக்கை எடுக்குமாறு உத்தரவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் மத்திய அரசு, ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் கூடாது, பத்தாம் வகுப்புக்கும் 5 கிலோவுக்கு மேல் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020இல் வகுத்த பள்ளிப்பைக் கொள்கை, குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கை மேலெல்லையாக வைத்தது. இவ்வளவும் வந்த பின்னரும், காலையில் என் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்க்கின்றேன்: முன்னே குனிந்துதான் நடக்கின்றனர். எல்லாக் குறிப்பேடுகளையும் நாள்தோறும் கொண்டுவரச் சொன்ன ஆசிரியர்களுள் நானும் ஒருத்தி என்பதால், பிறரைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

விலங்குகளுக்குச் சட்டம் முன்பே வந்துவிட்டது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965இல் இயற்றிய விதிகள், முதுகில் சுமக்கும் கழுதைக்கு 50 கிலோ, மட்டக்குதிரைக்கு 70 கிலோ என்று எல்லை வகுத்தன. நாளில் ஒன்பது மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது. ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஓய்வின்றித் தொடரலாகாது. வெப்பம் 37 பாகைக்கு மேற்பட்ட இடத்தில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது என்றும் கூறின. ஆசாரியர் ஒரு சொல்லில் சொன்னதற்கு அரசு எழுதிய உரை இது என்று எண்ணிக்கொள்கின்றேன்.

மனிதர்க்கோ தேவை என்ற ஒன்று இருப்பதால் எல்லை எளிதில் அழிந்துவிடுகின்றது. நேபாள நாட்டில் எவரெஸ்ட் சிகரத்தின் பக்கம் நெற்றிப்பட்டையில் கூடை சுமப்போரை ஆய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். ஆடவர் தம் எடையில் சராசரி 93 விழுக்காடும் பெண்டிர் 66 விழுக்காடும் சுமந்தனர். ஒருவர் 183 விழுக்காடு சுமந்திருந்தார். அவர்களது திறமையை உலகம் வியந்தது. வியப்பும் ஐந்தாம் விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று என்பதை முன்னே கூறினேன். நம் மாவட்டத்துப் பெண்கள் இடுப்பிலும் தலையிலும் குடம் சுமந்து நடந்த தொலைவுகளை யாரும் அளந்து வெளியிடவில்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்றபொழுது, எங்கள் தெருவிலேயே கேலி பேசியவர் உண்டு. அந்தக் குடம் இடுப்பிலிருந்து சைக்கிளுக்கு மாறியதை நான் கண்ணாரக் கண்டேன். பேசியவர்கள் வீட்டுக்கும் அந்தத் தண்ணீர்தான் வந்தது.

முன்னோர் வெறும் உபதேசத்தோடு நிற்கவில்லை. வழியோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டனர். இரு கற்களை நிறுத்தி மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பர்; தலையுயரத்திற்குச் சற்றுக் கீழே இருக்கும். வழிப்போக்கர் பிறர் கைகொடுக்காமலேயே பாரத்தை இறக்கிவைத்து, இளைப்பாறி, மீண்டும் தாமே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நடும் வழக்கம் இருந்தது. சாலைகளை அகலப்படுத்தியபொழுது பல கற்கள் போய்விட்டன. எஞ்சியவற்றில் இன்று சுவரொட்டி ஒட்டுகின்றார்கள்.

என் இரண்டாவது குற்றத்தையும் கூறிவிட வேண்டும். 2006ஆம் ஆண்டு சம்மேத சிகர்ஜி யாத்திரை சென்றோம். இருபது தீர்த்தங்கரர்கள் வீடுபேறடைந்த அம்மலை 1,365 மீட்டர் உயரம். மதுவனத்திலிருந்து ஏறுவது, மேலே சிகரங்களை வலம் வருவது, இறங்குவது என்று சுமார் 27 கிலோமீட்டர் நடை. எனக்கு முழங்கால் வலி. டோலி பேசினோம். எடை பார்த்துக் கூலி சொன்னார்கள். அன்று என் எடை 71 கிலோ. நால்வர் தூக்க வேண்டும் என்றனர். டோலியில் ஏறி அமர்ந்த பின், கீழே வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதில் தண்ணீர்ப் புட்டிகள், சால்வை, பூசைக்குரிய பொருள்கள், ஊரிலிருந்து கொண்டுபோன தோத்திரப் புத்தகங்கள் எல்லாம் இருந்தன. ஐந்து கிலோ இருக்கும். தூக்குபவர் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இருட்டில் ஏறத் தொடங்கினர். முன்னே இருந்தவரின் தோளில் கம்பு அழுந்தி அழுந்திக் காய்த்துப் போயிருந்தது விடிந்த பின்புதான் கண்ணில் பட்டது. பஞ்ச நமஸ்காரத்தை உச்சரித்துக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

நிறுத்த பிறகு ஏற்றிய அந்த ஐந்து கிலோவை எந்தக் கணக்கில் எழுதுவது? நிறுத்தலிலும் முகத்தலிலும் குறைத்தும் கூட்டியும் செய்வது கள்ளாமை விரதத்தின் அதிசாரம். ஆக, ஒரு பையால் மூன்று விரதங்களுக்கு ஊறு செய்துகொண்டு தீர்த்த வந்தனத்துக்குப் போனேன்! அடுத்த இளைப்பாறும் இடத்தில் பையை எங்களுடன் வந்த என் சகோதரர் மகனிடம் கொடுத்துவிட்டு, சமதரையான இடங்களில் இறங்கி நடந்தேன். திரும்பியதும் கூலியைக் கூட்டிக் கொடுத்தேன். கூட்டிக் கொடுத்ததால் சரியாகிவிட்டது என்று சொல்லவரவில்லை.

டோலியில் ஏறவே கூடாது என்று சிலர் கூறுவர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது அவர்களுடைய பிழைப்பு. நாம் ஏறாவிட்டால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. இருவர் போதும் என்று பேரம் பேசாமல் நால்வரை அமர்த்துவதும், பையை மடியில் வைக்காமலிருப்பதும், செங்குத்தான இடத்தில் விரைவுபடுத்தாமலிருப்பதும் நம் கையில் இருக்கின்றன. உலகத் தொழிலாளர் அமைப்பு 1967இல், வளர்ந்த ஆடவர் ஒருவர் கையால் தூக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று பரிந்துரைத்தது. அதுவே மேலெல்லை, கொடுக்க வேண்டிய அளவன்று.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் கொடும்பாளூர் இருக்கின்றது. சிலப்பதிகாரத்தில் கொடும்பை என வருவது அவ்வூர். உறையூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் அங்குள்ள ஏரிக்கரையில் பாதை மூன்றாகப் பிரிகின்றது என்று மாங்காட்டு மறையோன் வழி கூறுவான். கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் நடந்த மண் இது. புகார் நகரத்துப் பெருவணிகன் மகனிடம் எஞ்சியது மனைவியின் காற்சிலம்பு இணை ஒன்றே. நம் கந்தியார் கவுந்தியடிகள் புறப்படும்பொழுது எடுத்துக்கொண்டவற்றை இளங்கோவடிகள் எண்ணிச் சொல்கின்றார்: பிச்சைப் பாத்திரம், தோள்மேல் ஒரு துணி, கையில் மயிற்பீலி. காவிரிக் கரையிலிருந்து வைகைக் கரைவரை நடப்பதற்கு அவ்வளவு போதுமாயிருந்தது. வெயிலின் கொடுமையைக் கண்ணகி தாங்காள் என்று பின்னர் இரவில் நடந்தனர் என்பதையும் மறவாதீர். அடிகளார் தம் வலிமையை அளவாக வைத்து அந்தப் பெண்ணை நடத்தவில்லை. மூவருள் மெலிந்தவளின் வலிமையே மூவருக்கும் அளவாயிற்று.

திகம்பர முனிவர் கையிலும் பீலியும் கமண்டலமும் சாத்திரமும் அன்றி வேறில்லை. பீலி, மயில் தானே உதிர்த்த தோகையால் ஆனது. விராலிமலைப் பக்கம் போகும்பொழுதெல்லாம் உதிர்ந்து கிடக்கும் தோகையைக் காண்பேன். கையில் எடுத்தால் எடையே தெரியாது. அந்தப் பீலியையே உவமையாக்கித்தான் திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில், அத்துணை மெல்லிய பொருளும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சை முறிக்கும் என்றார். மாணவர்க்கு அந்தக் குறளை நடத்தும்பொழுதெல்லாம் அரசரைப் பற்றியதென்றே நடத்தினேன். நம் வீட்டுப் பைகளும் அப்படித்தான் நிரம்புகின்றன. ஒவ்வொன்றும் இலேசானதுதான்: ஒரு முறுக்கு டப்பா, ஒரு கூடுதல் சேலை, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒரு குடை. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்பதைவிடக் கனமான பொருள் ஒன்றை நான் கண்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீர்த்தங்கர நாமகருமத்தைத் தரும் பதினாறு பாவனைகளுள், ‘சக்திக்கு ஏற்ற தியாகம்’, ‘சக்திக்கு ஏற்ற தவம்’ என்று இரண்டு உள்ளன. தியாகத்துக்கும் தவத்துக்கும்கூட ஆசாரியர்கள் ‘சக்திக்கு ஏற்ற’ என்னும் அடையைச் சேர்த்தே வைத்தனர். தசலக்ஷண நாட்களில் பத்து வயதுப் பிள்ளைகளை முழு உபவாசம் இருக்கச்செய்து, மயங்கி விழுந்தால் அதையும் பெருமையாகப் பேசிக்கொள்ளும் பெற்றோரை நான் பார்த்திருக்கின்றேன். அந்தப் பிள்ளையின் பசி எவருடைய புகழைச் சுமக்கின்றது? அடிக்காமலேயே, கட்டாமலேயே ஏற்றப்படுகின்ற பாரம் அது. ஒருவேளை உணவோடு நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அவர்களே கூட்டிக்கொள்வார்கள்.

வரும் விடுமுறையில் சில குடும்பங்கள் பிள்ளைகளுடன் சித்தன்னவாசலுக்கு வர எண்ணியிருப்பதாக எழுதியிருக்கின்றீர்கள். மிக்க மகிழ்ச்சி. காலை வெயில் ஏறுமுன் ஏழடிப்பட்டத்தை முடித்துவிட்டு, பின்பு அறிவர் கோயிலுக்கு வருவது நல்லது. நான் அன்று செய்ததற்கு நேர்மாறாக. வடிகட்டிக் காய்ச்சிய நீரை ஒரே பாத்திரத்தில் கொணராமல் ஆளுக்கொரு புட்டியாகக் கொண்டுவாருங்கள். 30 கிலோ உள்ள பிள்ளைக்கு எல்லாம் சேர்ந்து 3 கிலோ. ஒரு லிட்டர் நீரே ஒரு கிலோ என்பதை நினைவிற்கொண்டு மற்றதைக் குறையுங்கள். பை இரு தோளிலும் மாட்டுவதாக, முதுகோடு ஒட்டியிருக்கட்டும். கனமானது முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். சாப்பாட்டை மலைமேல் கொண்டுபோக வேண்டா. அடிவாரத்தில் இறங்கி உண்ணலாம். முதியோர் மேலே ஏறியே தீரவேண்டும் என்பதில்லை. எவரேனும் ஒருவர் கீழே இருப்பதற்கு இசைய வேண்டும், நானே இருக்கின்றேன். கூலியாள் அமர்த்தினால் அவருக்கும் எடை, வயது பார்த்து அமர்த்துங்கள். சும்மாடு இருக்கின்றதா என்று பாருங்கள்.

ஏழடிப்பட்டத்தில் வழவழப்பாக இழைத்த கற்படுக்கைகள் பதினேழு இருக்கின்றன. தலைமாட்டில் கல்லிலேயே சிறிது உயர்த்தித் தலையணையாக்கியிருப்பார்கள். அவற்றுள் பெரியதன் விளிம்பில், கிறித்துவுக்கு முற்பட்ட காலத்துத் தமிழ் எழுத்து உண்டு. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கே படுத்திருந்தவர்கள் மேலே ஏறிவரும்பொழுது எதைக் கையில் கொண்டுவந்திருப்பார்கள் என்று அவர்களையே கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிட வேண்டா.

அந்த மாணவனைச் சில ஆண்டுகளுக்கு முன் இலுப்பூர்ப் பேருந்து நிலையத்தில் கண்டேன். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. மகள் வயிற்றுப் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துப்போக வந்திருந்தார். குழந்தையின் புத்தகப் பை அவர் தோளில் இருந்தது. ‘அன்று உன்னிடம் அந்தக் குடத்தைக் கொடுத்திருக்கக் கூடாது அப்பா’ என்றேன். அவருக்கு உடனே விளங்கவில்லை. பிறகு சிரித்து, ‘அந்தப் புளியோதரை இன்னும் ஞாபகம் இருக்குங்க டீச்சர்’ என்றார். பேருந்து வந்துவிட்டது. குழந்தையை முதலில் ஏற்றிவிட்டு, பையோடு அவர் ஏறினார். மறுநாள் கடைவீதிக்குப் போய் ஒரு வில் தராசு வாங்கிவந்தேன். அது என் வீட்டுத் திண்ணை உத்தரத்தில் தொங்குகின்றது. தெருப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகுமுன் பையை மாட்டிப் பார்க்கின்றார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுடையது போன வாரம் நாலேகால் கிலோ காட்டிற்று. அவன் தந்தையைப் பார்த்துப் பேச வேண்டும்.